அமாவாசைக்கு மாற்றிய ஆட்டம்

பலமான அணியோடு கால்பந்து ஆட்டம் என்றால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். தோற்றால், அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள், அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஜெயித்தால் அடுத்த ஆட்டம் வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். சோப்ளாங்கி அணி ஒன்று வருகிறது என்றால்தான் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும்.

எங்கள் தெரு என்று சொல்லிவிட்டேன். எனக்கு அங்கே வீடு வாசல் எதுவும் இல்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் நான். வாலாஜா பக்கம் செங்கல் சூளை, ஒரு விவசாயி வீட்டில் மாடு மேய்ப்பு, அரக்கோணத்தில் ஓட்டல், பிறகு ஒரு லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டு, அறுபதுகள் முடியப்போகிற சமயத்தில் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் வந்து ஒட்டிக்கொண்டேன். கொதிக்கிற சாயத் தொட்டியில் பட்டு நூல் கழிகளைக் குச்சியில் மாட்டிப் புரட்ட வேண்டும், பிழிய வேண்டும், உதற வேண்டும், வெயிலில் காயப்போட வேண்டும். கை முழங்கை வரைக்கும் அரக்கு நிறமாகிவிடும். சோற்றில் கை வைத்தால் முதலில் எனக்கே அருவருப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. படுக்கை அங்கேயே, விறகு அடுக்கியிருந்த கொட்டகையில்.

ஐப்பசி மழை பிடித்தால் நூல் காயாது. நூல் காயாவிட்டால் வேலை கிடையாது. பட்டறை மேஸ்திரி இதை ஆடி மாதமே சொல்லிவிட்டார். "இப்பவே ஒரு எடம் பாத்து வச்சுக்கப்பா. மழ வந்தப்புறம் எம்மூஞ்சியப் பாக்காத."

நான் பார்த்து வைத்திருந்த இடம் ஒரு தறியின் இடது பக்கம்.

அந்தத் தறி எங்கள் அணியின் லெஃப்ட் அவுட் வீட்டுத் தறி. இடது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோகிறவனை அப்படித்தான் சொல்வோம். இருபது வயசு. அவனுடைய அண்ணன்காரர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். தம்பி இடது பக்கம் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ளுவான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும். காலையிலிருந்து காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறவன் சாயங்காலம் வேகவதி ஆற்றோரத்து மைதானத்துக்கு வந்தால் கட்டவிழ்த்த கன்றுக்குட்டிதான். தடுத்து ஆடுகிற பேக்குகளில் அவனை ஓடிப் பிடித்த ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

மெட்ராஸில் ஒரு மில்லுக்குக் கால்பந்து அணி இருந்தது. நன்றாக ஆடுகிறவனை அந்த மில் வேலைக்கே எடுத்துக்கொள்ளும். அதற்கு ஆள் பார்க்கிறவர், எங்கள் ஊரில் நடந்த கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கடைசி ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவார். அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. அதில் ஜெயித்தால் தம்பி அவர் கண்ணில் படுவான். பட்டால் எடுத்துக்கொள்வார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் மில்லுக்குப் போனால் தறியின் இடது பக்கம் எனக்கு.

அண்ணன்காரர் இதற்காகச் சாயங்காலங்களில் என்னை உட்கார வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். சாதாரணமாகச் சின்னப் பையன்கள் உட்கார்கிற இடம் அது. டீக்கடையில் என்னை 'மீச வச்ச கோர்வப் பையன்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் ஒரு வேலை.

அந்த ஒரே ஆட்டம் முசரவாக்கத்தோடு. எதிர் அணி வராததால் ஆடாமலேயே அதுவரை வந்துவிட்டவர்கள். கோப்பை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சும்மா ஆடிப் பார்த்திருக்கிறோம். வழுக்கைத் தலையர் ஒருவர் பேக் ஆடினார். கோல்கீப்பர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்துக் காக்கி டிராயரோடு இரண்டு பேர். பாதி ஆட்டத்தில் ஒருவர், பசு கன்று போடுகிற நேரம் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நாங்கள் ஆறு கோல் போட்டோம்.

அதனால்தான் மேஸ்திரிக்குக் கவலை. தெருவிலேயே பெரிய கவலைக்காரர் அவர்தான்.

"பெரிய டீமுன்னா நம்ம பசங்க உசுரக் குடுத்து ஆடுவானுங்க. முசரவாக்கமுன்னா மாமியார் வூட்டுக்குப் போற மாதிரி எண்ண தடவி வகிடெடுத்துக்கினு வருவானுங்க. எனக்கு அங்கதான் பயமா இருக்குது" என்றார் டீக்கடையில்.

"ஆறு கோலு போட்டமே, மறந்துட்டியாண்ணா?" என்றார் டீக்கடைக்காரர்.

"வாத்தியாருங்க டீமு ஞாபகம் இருக்குதா? தொப்பையத் தூக்கிக்கினு ஓடுனானுங்க. யாரு தோத்தது?"

டீக்கடைக்காரர் பாலை ஆற்றினார். போன வருஷம் அரக்கோணத்து அணியை ஜெயித்துவிட்டு வந்த கையோடு வாத்தியார்களிடம் தோற்றது எங்கள் அணி. அந்த வாத்தியார்களில் ஒருவர் இன்னும் எங்கள் தெரு வழியாகத்தான் சைக்கிளில் போவார், தேவையில்லாமல் மணி அடித்துக்கொண்டு.

ஆட்டம் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போட்டிருந்தது. நெசவாளிக்கு ஞாயிறு என்பது இன்னொரு வேலை நாள். தறிக்கு லீவு அமாவாசை அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் அணியில் பாதிப் பேர் தறியை நிறுத்திவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். பார்க்க வருகிற கூட்டமும் குறைவாக இருக்கும். அண்ணன்காரர் தறியிலோ முகூர்த்தச் சேலை ஒன்று பாதியில் நின்றது. அவர்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கோப்பை நடத்துகிறவர்களிடம் பேசினார். ஆட்டத்தை ஆவணி அமாவாசைக்கு மாற்ற எதிர் அணி சம்மதிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் முசரவாக்கத்துக்கே மிதித்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவர் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "கேட்ட வாய மூடல, சரின்னுட்டாங்க. மோரு வேற குடுத்தாங்கப்பா" என்றார்.

"பயந்துட்டானுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

எல்லோருக்கும் சந்தோஷம். சேலையையும் அமாவாசைக்கு முன்னால் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து எடுத்துவிடலாம், தம்பியும் ஓய்ந்த காலோடு ஆடலாம், தெரு முழுக்க மைதானத்துக்கு வரலாம். அண்ணன்காரர் செய்தது கெட்டிக்காரத்தனம் என்று மேஸ்திரியே சொன்னார். அவர் யாரையும் மெச்சிப் பார்த்தவன் இல்லை நான்.

அதற்குப் பிறகு அந்தப் பையனைத் தெரு படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். குழாயடிக்கு வந்தால் காலைப் பார்ப்பார்கள். சைக்கிளில் ஏறினால் இறக்கிவிடுவார்கள். ஒரு அம்மா தினமும் முட்டை கொடுத்தனுப்பினாள். பையன் வீட்டிலோ முட்டை சாப்பிடமாட்டார்கள். வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவான். அந்த நாட்களில் நான் கொஞ்சம் சதை போட்டேன்.

"தம்பி, கால் எப்பிடி இருக்குது?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

"ரெண்டு இருக்குதுண்ணா" என்பான்.

தறியில் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறபோது ஒருநாள் மெதுவாகச் சொன்னான்: "மில்லுல நின்னுக்கினே வேல பாக்கணுமாமே. நிக்கிறதுன்னா எனக்கு ஒண்ணும் இல்லப்பா. இந்தக் கால மடக்குறதுதான் முடியல." அவ்வளவுதான் அவன் தன் ஆசையைப் பற்றிப் பேசியது. அண்ணன் குழியில் இருந்து, "நாடாவப் பாரு" என்றார். என்னைச் சொன்னாரா அவனைச் சொன்னாரா தெரியவில்லை.

அமாவாசை அன்று காலை தெருவில் தறிச் சத்தமே இல்லை. வேலை இல்லாத நாளில் எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. நடப்பேன். அன்றைக்கு முசரவாக்கம் போகிற சாலையில் நடந்தேன். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பவில்லை, கால் அந்தப் பக்கம் போனது.

வழியெல்லாம் சம்பாவுக்கு உழுதுகொண்டிருந்த நிலம். பாதி உழுத சேறு அப்படியே கிடந்தது. கலப்பைகள் வரப்பில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஏரிக்கரையில் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு ஆள். தொடை வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வயசுப் பையன்கள்.

ஒருவன் கரையேறி வந்தான். கன்னங்கரேல் என்று, என்னைவிட ஒரு சாண் உயரம். என் கையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "பட்டற ஆளா? சாயங்காலம் மேட்ச்சு பாக்க வருவீங்களா?" என்றான்.

"நீங்க வர்றீங்களா?"

"வராம? இன்னிக்கி மாடு பூட்டமாட்டமில்ல. ஏரு ஓட்டுற நாள்னா ஊட்ல வுடமாட்டாங்க. அன்னிக்கி ஆடுனாங்களே, அது எங்க சித்தப்பாருங்க. நீங்க அமாவாசக்கி மாத்துனதுதான் நல்லதாப் போச்சு" என்றான். கிண்டல் இல்லை. நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

நான் வந்த வழியே திரும்பினேன். மாட்டுக்காரனாக இருந்தவன் நான். அமாவாசையில் மாட்டைப் பூட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தறி நிற்கிற நாள் என்று மட்டும்தான் அந்த நாளை நாங்கள் நினைத்திருந்தோம்.

மேஸ்திரி பட்டறை வாசலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார், மைதானத்துக்குக் கோடு போட. சொன்னேன். குச்சியை நிறுத்தினார்.

"அவுங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. அவரு தேங்கா ஒடைக்கப் போயிருக்காரு" என்றவர் மறுபடியும் கரைக்க ஆரம்பித்தார். "எனக்கு இத்தினி நாளா பயம் இருந்திச்சு. எதுக்குன்னு தெரியாம இருந்திச்சு. இப்பத் தெரிஞ்சிடுச்சு, அவ்ளதான்."

சாயங்காலம் அவர்கள் நடந்தே வந்தார்கள். வண்டி பூட்ட முடியாதே. ஆற்று மணலில் இறங்கி வரிசையாக வந்தபோது எங்கள் கூட்டத்தில் பேச்சு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. வழுக்கைத் தலையரும் வந்திருந்தார். அவர் தலையில் பானகக் குடம். ஆட வந்தவர்களுக்கு எல்லாம் சேற்றில் மிதித்து மிதித்துக் கட்டிப்போன கெண்டைக்கால்.

அண்ணன்காரர் நெற்றியில் விபூதியோடு என் பக்கத்தில் நின்றார். "யாருப்பா இவுங்க?" என்றார்.

"முசரவாக்கம்தான்."

"அன்னிக்கி இவுங்க வரலியே."

"அன்னிக்கி ஏரு ஓட்டிக்கினு இருந்தாங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்தத் துண்டு ஒரு தோளிலும் நிற்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் பார்த்த உயரமான ஆள்தான் தம்பிக்கு எதிரே பேக். அவன் அடிக்கவில்லை, தள்ளவில்லை. தம்பி ஓடினால் பக்கத்தில் ஓடினான், நின்றால் நின்றான். உழவுக்குப் பழகின மாதிரி நேராக, மூச்சு வாங்காமல். அவர்கள் போட்ட ஒரே கோலும் அழகான கோல் இல்லை. கும்பலில் யாரோ முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது. தம்பி ஒரே ஒரு தடவை அந்த உயரமானவனைத் தாண்டினான். அடித்த பந்து கோலுக்கு நட்டிருந்த சவுக்குக் கம்பத்தில் பட்டு, எங்கள் மேஸ்திரி போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே விழுந்து வெளியே போனது. இருட்டுகிற சமயத்தில் விசில் ஊதினார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம்.

வாத்தியார் சைக்கிள் மணி எங்கோ கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முசரவாக்கத்துக்காரர்கள் மிச்சமிருந்த பானகத்தை எங்களுக்கும் கொடுத்தார்கள். குடித்தோம்.

மறுநாள் காலை பழக்கத்தில் அந்த வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சேலைக்கு ஆரம்பம். தம்பி அவன் இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். முட்டியில் மஞ்சள் பற்று.

"உக்காருப்பா, டீ சொல்றேன்" என்றான் என்னிடம். "அந்த ஆளப் பாத்தியா? நல்லா ஆடுறான். மூச்சே வாங்கல அவனுக்கு."

உட்கார எனக்கு இடம் இல்லை, சுவரோரம் நின்றேன். அண்ணன்காரர் காலை மிதித்தார், பலகையை இழுத்து அடித்தார். தலை நிமிரவில்லை. நாலைந்து இழை போன பிறகு, "ஞாயித்துக்கெழமயே வச்சிருக்கலாம்" என்றார்.

தம்பி நாடாவைத் தள்ளினான். அது அண்ணன் கைக்கு வந்து நின்றது. அவர் அதைத் திருப்பித் தள்ளாமல் பிடித்தபடியே இருந்தார்.

"தள்ளுண்ணா" என்றான் தம்பி. "கரை நிக்கிது."

அவர் தள்ளினார். நான் டீ வரும் வரைக்கும் நிற்கவில்லை. பட்டறைக்குப் போய் அன்றைக்கு இருந்த கழிகளைப் புரட்டினேன். முதல் மழை வந்த அன்றைக்கு அரக்கோணம் பஸ் ஏறினேன். பழைய ஓட்டலில் கை கழுவுகிற இடத்தில் வேலை இருந்தது. சாயம் போவதற்குத் தை மாதம் ஆகிவிட்டது.