ரேவின் டோபின் கழற்றிய கையுறை

ஜெயித்த குதிரை மூத்திரம் பெய்யும்வரை அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ரேவின் டோபின் பார்த்த வேலை இதுதான். கையில் ஒரு நீண்ட கம்பு, அதன் நுனியில் வளையம், வளையத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பை. குதிரை காலை அகட்டுகிற நொடியில் பையை நீட்டிவிட வேண்டும். அதுவரைக்கும் தாழ்வாகச் சீட்டியடித்துக்கொண்டே இருப்பாள். கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்று ஒலி கொடுப்பார்களே, அதே கணக்கு. சில குதிரைகள் ஐந்து நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடும். சில ஒரு மணி நேரம் இழுக்கும். வைக்கோல் பரப்பிய அந்தக் கொட்டடியில் மழைக்கும் குளிருக்கும் அவள்தான் நிற்பாள். வெளியே கூட்டம் கைதட்டுவது மட்டும் காதில் விழும்.

பிடித்ததை இரண்டு பாட்டில்களில் ஊற்றி, மூடி, முத்திரை போட்டு, எண் எழுதி, குதிரைக்காரர் தரப்பில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, ஊக்கமருந்துச் சோதனைக்காக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ரப்பர் கையுறை போட்டிருக்க வேண்டும் என்பது விதி. படிவத்தின் கடைசி வரியில் அதற்கும் அவள் கையெழுத்துப் போடுவாள்.

நான் இன்வர்கார்கிலுக்கு வடக்கே எங்கள் ஊர்ப் பத்திரிகையில் குதிரைவண்டிப் பந்தயச் செய்தி எழுதுகிறவன். முப்பத்தொரு வருஷமாகிவிட்டது. இரண்டு சக்கர வண்டியில் ஆள் உட்கார்ந்து குதிரையை ஓட்டநடையில் விரட்டுகிற விளையாட்டு. நாலுகால் பாய்ச்சலில் போனால் தப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் எழுதியதில் பாதி அந்த அழகைப் பற்றி, மீதிப் பாதி அசிங்கத்தைப் பற்றி. வேண்டுமென்றே கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் தோற்றவன், பந்தயத்துக்கு முன்னால், களைப்பு தெரியாமல் ஓடுவதற்காக, சோடா உப்புக் கரைசலைக் குழாய் வழியே குதிரையின் வயிற்றில் இறக்கியவன், விடியற்காலை லாயத்துக்குப் போலீஸ் வந்த கதை, எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 'இத்தோடு இந்த விளையாட்டு சுத்தமாகும்' என்று முடித்தேன். பிறகு அந்த வரியை விட்டுவிட்டேன்.

ரேவினுக்குப் பந்தயத்தில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. பைத்தியம் அவள் புருஷன் நெவிலுக்குத்தான். இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு ஒடிய வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பந்தயம் பார்ப்பார். ரேவின் பால்பண்ணையில் வளர்ந்தவள். மாடோ குதிரையோ அவசரப்படுத்தினால் நடக்காது என்று தெரிந்தவள். அதனால் இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனாள்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியில், எங்கள் தென்கோடித் தேசத்தில் குளிர்காலம் தொடங்கும் சமயம், எங்கள் மைதானத்தின் பெரிய கோப்பைப் பந்தயம் நடந்தது. மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. ஜெயித்தது பிரென்ட் ஹால்டேன் பயிற்சி கொடுத்த 'கோல்ட் சப்பர்'. மூக்களவு பின்தங்கி இரண்டாவதாக வந்தது 'லிட்டில் பிரிஜிட்' என்ற பெட்டைக் குதிரை. அது க்ளெனிஸ் பாஸ்க் வீட்டில் பிறந்து அவள் கையால் வளர்ந்தது. க்ளெனிஸுக்கும் அவள் புருஷனுக்கும் பந்தயத்துக்கு இருந்த ஒரே குதிரை. க்ளெனிஸும் ரேவினும் நாற்பது வருஷச் சிநேகிதிகள். ஒரே வருஷம் கல்யாணம், ஒரே ஆஸ்பத்திரியில் பிரசவம், ஒருத்தி வீட்டுச் சாவி இன்னொருத்தி பையில்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. கோல்ட் சப்பரின் மூத்திரத்தில் வலிநிவாரணி மருந்து, மிகச் சிறிய அளவில். அளவு எவ்வளவானாலும் பந்தய நாளில் அது இருக்கக் கூடாது.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஹால்டேன் ஏற்கெனவே சோடா உப்பு விவகாரத்தில் ஒரு தடவை தடைசெய்யப்பட்டவர், வேறொன்றில் அபராதம் கட்டியவர். அந்தக் குதிரைக்கு முன்னங்காலில் கோளாறு இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் மாட்டிக்கொண்டான் என்றார்கள். அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் கோப்பை லிட்டில் பிரிஜிட்டுக்குப் போகும். க்ளெனிஸ் சாப்பாட்டறை அலமாரியிலிருந்து பீங்கான் தட்டுகளை எடுத்து வேறு இடத்தில் வைத்து, கோப்பைக்காக நடு அடுக்கைக் காலி செய்துவிட்டாள்.

விசாரணை அதிகாரி ரேவின் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கினார். கையுறை போட்டிருந்தீர்களா என்று கேட்டார். போட்டிருந்தேன் என்றாள். அது பொய்யில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு வேறு பதில் வாயில் வராது.

ஆகஸ்டில் ஒரு காலை, சமையலறையில் நின்று விரல் மூட்டுகளில் வலிக்களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். குளிர்காலம் வந்தால் வலது கை மடங்காது. களிம்புக் குழாயை மூடப் போனபோது மூடி வழுக்கியது. அப்போதுதான் அந்த நாள் அவளுக்குத் திரும்பி வந்தது. கொட்டடியில் இரண்டாவது பாட்டிலின் மூடி திறக்கவில்லை. கையுறை ஈரத்தில் வழுக்கி மூடியின் புரியில் சிக்கிக்கொண்டது. வலது கையுறையைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் செருகி, வெறுங்கையால் மூடியைத் திருகி, விரலால் வாய்ப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஊற்றினாள். பிறகு முதல் பாட்டிலையும் அதே கையால் திறந்து, கொஞ்சம் குறைந்திருந்ததால் மீண்டும் ஊற்றினாள். முழுசாக ஒரு நிமிஷம் இருக்கும். புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். குதிரையைப் பிடித்திருந்த ஆள் குளிரில் முதுகைத் திருப்பி நின்றான். அவன் எதையும் பார்க்கவில்லை.

களிம்புக் குழாயைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்தாள். ஆய்வுக்கூடம் சொன்ன அதே பெயர்.

மறுநாள் விசாரணை அதிகாரிக்குப் போன் செய்தாள். அவர், மூன்று மாதம் ஆகிவிட்டதே, நிச்சயமாக ஞாபகம் இருக்கிறதா, இந்த வயதில் ஒரு நாள் இன்னொரு நாளோடு குழம்பும் இல்லையா என்று கேட்டார். கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது, வாக்குமூலமும் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை என்றும் சொன்னார். மிரட்டவில்லை. களைத்துப் போன மனுஷன் மாதிரிதான் பேசினார் என்றாள் ரேவின். அவரும் ஹால்டேனைப் பத்து வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்தவர்.

நெவிலிடம் சொன்னாள். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அவன் குடுத்திருப்பான்னுதான் நீயும் நினைக்கிறே?"

"ஆமா. குடுத்திருப்பான்."

"அப்புறம் என்ன?"

"குடுத்தானான்னு என்னைக் கேக்கப் போறதில்ல நெவில். நான் என்ன பண்ணேன்னுதான் எனக்குத் தெரியும்."

நெவில் மறுபடி சத்தத்தைக் கூட்டினார். கோபத்தில் இல்லை.

செப்டம்பரில் விசாரணை. ஒரு ஹோட்டலின் பின்பக்க அறையில் நீள மேசை போட்டு நடத்தினார்கள். ஓரத்தில் காய்ந்துபோன ஸ்கோன் ரொட்டியும் கெட்டிலும் வைத்திருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். க்ளெனிஸ் முன்வரிசையில், நல்ல கோட்டு அணிந்து வந்திருந்தாள். ஹால்டேனின் வழக்கறிஞர் தீவனம், பக்கத்து லாயம், வைக்கோல் என்று எதையெல்லாமோ காரணம் சொல்லிப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. ரேவினிடம் அவர் கேட்டதெல்லாம் நேரமும் எண்களும்தான். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணைக் குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. காகிதங்களை அடுக்கிக்கொண்டே வழக்கமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"மிஸஸ் டோபின், வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணு இருக்குங்க. கையுறையைக் கழட்டினேன். வலது கை. மூடி தொறக்கல."

தலைவி பேனாவை எடுத்தார். "உங்க வாக்குமூலத்துல அப்படி இல்லையே."

"அப்ப ஞாபகமில்ல. அப்புறந்தான் வந்துச்சு."

"வெறும் கை பாட்டில்ல பட்டுச்சா?"

"ரெண்டு பாட்டில்லயும் பட்டுச்சு. அந்தக் கையில அன்னிக்கு மூட்டுவலிக் களிம்பு தடவியிருந்தேன். காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை." களிம்புக் குழாயைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "பேரு இதுல எழுதியிருக்கு."

வழக்கறிஞர் எழுந்திருக்க மறந்துவிட்டார். ஹால்டேன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ரேவின் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள்: "அவர் மருந்து குடுக்கலன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது." தலைவி அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பரிசோதனை முடிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் க்ளெனிஸ் காத்திருந்தாள். நான் இரண்டு கார் தள்ளி நின்றிருந்தேன், காதில் விழாமல் இருக்க வழியில்லை.

"ஒரு நிமிஷம் ரேவின். ஒரே ஒரு நிமிஷம். அதை உன்னால மறக்க முடியலையா?"

"மறந்துதான் இருந்தேன் க்ளெனிஸ்."

"அப்படியே இருந்திருக்கலாம்ல?"

க்ளெனிஸ் கைப்பையில் துழாவி, ரேவின் வீட்டுச் சாவியை எடுத்து அவள் காரின் முன்மூடி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாளில் வழக்கு தள்ளுபடியானது. கோப்பை ஹால்டேனிடமே இருந்தது. நான் நடந்ததை முழுசாக எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் கால் பத்திதான் வந்தது, 'மாதிரியில் கலப்படம்: ஊழியர் ஒப்புதல்' என்ற தலைப்போடு. படித்தவர்களுக்கு ஏதோ அவள் திருடிவிட்டாள் போலத் தோன்றியிருக்கும். அடுத்த வாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. உண்மைக்கு மாறான படிவத்தில் கையெழுத்திட்டதால் இனிச் சேவை தேவையில்லை, இத்தனை வருஷத்துக்கு நன்றி என்று நான்கு வரி.

மதுக்கடையில் அவளை வைத்துக் கேலி ஓடியது. ரேவின் கை பட்டால் நொண்டிக் குதிரையும் ஓடும் என்றார்கள். முழங்காலை நீட்டிக் கொஞ்சம் தடவிவிடச் சொன்னவனும் உண்டு. அவள் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். "இனிமே நம்மள யாரும் விருந்துக்குக் கூப்பிட மாட்டாங்க" என்று அவள் வீட்டில் சொன்னபோது நெவில், "நல்லதாப் போச்சு, எனக்குப் போகவே பிடிக்காது" என்றாராம்.

ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில், உருளைக்கிழங்கு அடுக்கியிருக்கும் இடத்தில் ஹால்டேன் அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். பெரிய உதவி செய்தீர்கள் என்றார்.

"உங்களுக்காகப் பண்ணல."

"தெரியும்." தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "உண்மையில என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணுமா ரேவின்?"

"வேண்டாம்," என்றாள். "குடுத்தேன்னு சொன்னா தூக்கம் போகும். குடுக்கலன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். கால் வலிக்குது, வழி விடுங்க."

இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஹால்டேன் குதிரைகள் இருபத்தேழு பந்தயம் ஜெயித்தன. எல்லாப் பரிசோதனையும் சுத்தம். எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். அவர் திருந்தினாரா, அல்லது எப்போதுமே யோக்கியமாகத்தான் இருந்தாரா, அல்லது கெட்டிக்காரர் ஆகிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. முன்பு தெரிந்துகொள்ள அலைவேன். இப்போது முடிவுகளை எழுதி அனுப்பிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுகிறேன்.

ரேவின் முதியோர் இல்லத்துச் சலவையறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெந்நீரில் கை படுவதால் மூட்டுக்கு இதமாக இருக்கிறது என்றாள். பந்தய மைதானம் பக்கம் போகவில்லை.

அடுத்த ஜூலையில் க்ளெனிஸின் புருஷனுக்கு டனிடின் நகரத்து ஆஸ்பத்திரியில் இடுப்பு அறுவைச் சிகிச்சை. லிட்டில் பிரிஜிட் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சினையாக இருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பத்து மாதம் கழித்து க்ளெனிஸ் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்குக் காலையும் மாலையும் குதிரைக்குத் தீனி வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். முடியும் என்றாள் ரேவின்.

இரண்டு வாரமும் சலவையறை வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை போய்வந்தாள். உறைபனியில் தண்ணீர்த் தொட்டியின் மேல்பாளத்தை உடைத்தாள், போர்வையை மாற்றினாள், குளம்பைச் சுத்தம் செய்தாள். க்ளெனிஸ் திரும்பி வந்த அன்று வேலிக் கதவருகே இருவரும் நின்றார்கள். பிறகு சலவையறையில் ரேவினைப் பார்த்தபோது, பேசினீர்களா என்று நான் கேட்டேன்.

"பேசினோம்னு சொல்ல முடியாது," என்றாள் ரேவின். "எவ்வளவு தீனி போட்டேன்னு கேட்டா. சொன்னேன். கொஞ்சம் அதிகம்னா. சினைக்குதிரைக்கு அது அதிகமில்லன்னேன். சரின்னா. ஒரு டஜன் முட்டை குடுத்தா. அவ்வளவுதான்."

"வருத்தம் தீர்ந்துச்சா?"

"தெரியல. குட்டி போடற சமயத்துக்கும் வரச் சொல்லியிருக்கா. பிரசவம்னா ராத்திரி முழிக்கணும், எனக்கு இப்ப அதுக்கெல்லாம் தெம்பு இல்ல." அடுக்கி முடித்த படுக்கை விரிப்புகளைக் கூடையில் எடுத்து வைத்தாள். "போவேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த இயந்திரத்தைத் திறக்கக் குனிந்தாள்.