கப்பலுக்கு வெளியே நின்றவன்

பழிவாங்கக் கூடாது என்று புத்தி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். தங்கள் அப்பாவை நேற்று மீசை முளைத்த ஒருத்தன் 'ஏய், இங்க வா' என்று கூப்பிட்டு அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். நான் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஒரு நிலக்காரர் வீட்டில் அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். அவருக்கு முந்தின தலைமுறை அதே நிலத்தில் களையெடுத்தது, கதிரறுத்தது. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார், அவ்வளவுதான் முன்னேற்றம். அப்பாவுக்கு ஐம்பத்துநாலு வயது. அந்த வீட்டுப் பையனுக்கு இருபத்தொன்று. இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அப்பாவுக்கு அவன் 'சின்னவுக'. அவனுக்கு அப்பா 'அவன்'.

எங்கள் பக்கத்தில் மதிக்கிற ஆளை 'அவுக' என்போம். வந்தாக, போனாக, சாப்புட்டாக. சொல்வதற்குக் கைக்காசு செலவில்லை, நாக்கு தேய்ந்துவிடாது. ஆனாலும் அந்த வீட்டார் வாயிலிருந்து அப்பாவுக்கு அந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை.

நான் விருதுநகரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். பாலவனத்தம் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் போய் வருவது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு. அன்று பகல் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஒரு கேம் ஆடுவேன். தண்ணீர் வற்றிய ஒரு கிரகத்தில் மிச்சமிருக்கும் சனங்களைக் கப்பலேற்றிக் காப்பாற்றும் கதை. கரிசல்காட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீர் இல்லாத கிரகம் ஒன்றும் புதுசில்லை. சண்டையும் உண்டு, யாரை நம்புவது, யாரை விடுவது என்று நாமே முடிவெடுப்பதும் உண்டு. முதல் பாகத்தை முடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

"கல்யாண வயசுல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு யாரத்தான் சுடப் போற?" என்பாள் அம்மா.

"ஆளு இன்னும் சிக்கலம்மா" என்பேன்.

ரெண்டாம் பாகம் வந்தபோது ஆள் சிக்கினான்.

ரெண்டாம் பாகத்தில் ஒரு விதி. முதல் பாகத்தை முடித்தவர்கள்தான் கப்பலுக்கு கேப்டன். புதிதாக வருகிறவர்கள் ஏதாவது ஒரு கேப்டனிடம் சிப்பாயாகச் சேர வேண்டும். அவர் சொல்கிறபடி கேட்க வேண்டும். கடைசிச் சண்டையில் செத்தால் அந்தச் சிப்பாய் அழிந்தான். மாதக்கணக்கில் சேர்த்த ஆயுதம், பட்டம் எல்லாம் அதோடு போய்விடும். தமிழில் ஆடுகிறவர்களின் குழு ஒன்றில், 'அருப்புக்கோட்டைப் பக்கம் கேப்டன் யாராச்சும் இருக்கீங்களா' என்று ஒருத்தன் கேட்டிருந்தான். ஊர்ப் பாசத்தில் சேர்த்துக்கொண்டேன். ஹெட்போனில் குரல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொங்கல் அன்று அந்த வீட்டு வாசலில் நான் நிற்க, என் கண் முன்னால் அப்பாவிடம், "ஏய், அந்த மூட்டையத் தூக்கி உள்ள போட்டுட்டுப் போ" என்று சொன்ன அதே குரல்.

சாமி வரம் கொடுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

நான் பேசவில்லை. என் மைக் கெட்டுப்போச்சு என்று டைப் அடித்தேன். பேசினால் பெண் என்று தெரியும், துருவினால் யார் மகள் என்று தெரியும், மறுநாள் அப்பா கையில் டிராக்டர் சாவி இருக்காது. அவனோ கேப்டன் என்றால் ஆம்பிளைதான் என்று தானாகவே முடிவு செய்துகொண்டான். 'கேப்டனண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தான். எந்த ஊருண்ணே என்றான். பந்தல்குடி என்று பொய் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஊர் மட்டும் தெரிந்தால் போதாதே, அடுத்த கேள்வி வந்தது.

"பந்தல்குடில எந்தத் தெருண்ணே?"

'மெயின் ரோட்டு மேல' என்று அடித்தேன்.

"அப்ப நம்மாளுதான்" என்றான் சந்தோஷமாக. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவன் கணக்கில், ரோட்டு மேல் வீடு வைத்துக்கொண்டு உத்தரவு போடுகிற ஆள் வேறு யாராக இருக்க முடியும்?

நாலு மாதம் அவனை வளர்த்தேன், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு இலை போடுவதுபோல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நடுவில் என் மனது கொஞ்சம் இளகியது. நன்றாக ஆடினான். ஒருதரம் எனக்கு வந்த குண்டைக் குறுக்கே விழுந்து வாங்கினான். 'ஆடு பகை, குட்டி உறவா' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சிரமத்தையும் அவனே தீர்த்துவைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டைக்கு நடுவே சும்மா பேசிக்கொண்டிருந்தவன் சொன்னான்:

"எங்க வீட்ல டிராக்டர் ஓட்டுறான்ல ஒருத்தன், அவன் மக கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்காளாம்ணே. அதுல என்னத்தப் பண்ணுவா, மாவாட்டுவாளாக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

கடைசிச் சண்டை அடுத்த வாரம். கப்பல் கிளம்பத் தயாராக வேண்டும், அதுவரை ஒருவர் வெளியே நின்று எதிரிகளைத் தடுக்க வேண்டும். தயாரானதும் கேப்டன் கதவைத் திறந்து அவரை உள்ளே எடுக்கலாம், எடுக்காமலும் கிளம்பலாம். அவனை வெளியே நிறுத்தினேன். கப்பல் தயாரானது. திரையில் அறுபது விநாடி ஓடத் தொடங்கியது.

"கதவத் தொறங்கண்ணே."

'உங்க வீட்டு டிராக்டர் ஓட்டுறவுகளப் பத்திப் போன வாரம் சொன்னீங்கல்ல. அத மரியாதையாச் சொல்லுங்க. தொறக்குறேன்' என்று அடித்தேன்.

"யாரு, அவனையா? எதுக்குண்ணே?"

'நாப்பது செகண்டு.'

சிரித்துப் பார்த்தான். விளையாடாதீங்கண்ணே என்றான். இருபது விநாடி இருக்கும்போது சிரிப்பு நின்றது.

"அவுக. டிராக்டர் ஓட்டுறவுக. அவுக வந்தாக, அவுக போனாக. போதுமாண்ணே? கால்ல வேணாலும் விழுறேன், தொறங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிறந்ததிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. காது குளிர்ந்தது. பிறகு கதவைத் திறக்காமல் கப்பலைக் கிளப்பினேன். அவன் போட்ட கூச்சல் பாதியிலேயே அறுந்தது. அன்று மதியம் ரெண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். இடது புருவத்துக்கு மேலே தோல் கிழிந்து, ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லத்தா. காலைல சாவி வாங்கப் போனேன். சின்னவுக நேத்துலருந்து யார் மேலயோ கடுங்கோவத்துல இருந்தாக போல. ஏன் லேட்டுன்னு சாவிய வீசுனாக, இங்க பட்டுருச்சு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அப்பா சொன்னார்:

"பாவம், ராத்திரியே அவுக சாப்பிடலையாம். வயசுப் புள்ள, என்ன கஷ்டமோ."

"அவுக இல்லப்பா. அவன். அவன்னு சொல்லுங்க."

"என்னத்தா பேசுற?"

"ஒரே ஒரு தடவை சொல்லுங்கப்பா. நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கோம். அவன்."

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அப்பா துண்டைக் கீழே போட்டுவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. திரும்பி வந்து என் வாயைத் தன் ஈரக்கையால் பொத்தினார்.

"மெதுவாப் பேசுத்தா" என்றார். "அவுக காதுல விழுந்துறப் போகுது."