கம்பளி தொங்கிய அறை

மாடி வீட்டுக்காரர் தன் அறைச் சுவர்களில் கறுப்புப் பஞ்சு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். பாட்டுச் சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் இருக்கவாம். அந்த அட்டைக்கு ஒரு வாசனையும் இல்லை. எனக்கோ ஈரக் கம்பளியின் வாடை மூக்கில் ஏறியது.

ஏழாவதோடு பள்ளியை விட்டு, ஓட்டல், லாரி, மரக்கடை என்று சுற்றிய நான், அந்தக் காலத்தில் குன்னூரில் ஒரு டேப் செட் கடையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சங்கீத ஞானமெல்லாம் இல்லை. வெளியே குளிர், கடைக்குள் சால்டரிங் சூடு, அவ்வளவுதான். செட்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பாட வைத்துவிட்டு வருவது என் வேலை.

ஆடி மாதம் கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றுக்குப் போனேன். பழனியண்ணனும் அவர் மனைவி ராசாத்தியக்காவும் ஃபேக்டரி ஆட்கள். தூள் சலிக்கும் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று அக்காவுக்குக் காது மந்தம். மழைக்காலத்தில் அங்கே துணி காயாது என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அறை முழுக்கக் கொடி கட்டி, நடுவில் கரியடுப்பை வைத்து, கம்பளியும் சேலையும் சாக்குமாகத் தொங்கும். குனிந்துதான் நடக்க வேண்டும். அதற்குள் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் வைத்துப் பாட்டுப் போட்டேன். அக்கா கூடவே வாயசைத்தார். ஒரு வரி பிசகவில்லை.

பங்குனி வெயிலில் அண்ணன் செட்டைச் சாக்கில் கட்டிச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். போட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் பாடியது. அவர் என்னைத் தெருவுக்கு இழுத்துப்போனார்.

"ஏனுங்க தம்பி, ஏதாச்சும் கோளாறு இருக்குமுங்க. நல்லாப் பாருங்க."

"ஒண்ணுமில்லீங்கண்ணா. அருமையாப் பாடுது."

"அப்படிச் சொல்லாதீங்க. அவளுக்குப் பாட்டு கொழகொழன்னு கேக்குதாம். காது பூராம் போயிருச்சுன்னு யாருகிட்டயும் பேசறதில்ல. செட்டுலதான் கோளாறுன்னு ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

செட்டில் கோளாறு இருக்க வேண்டும் என்று கெஞ்சிய ஒரே வாடிக்கையாளர் அவர்தான். பொய் சொல்ல எனக்கு எப்போதுமே கூச்சம் கிடையாது. அவரோடு பஸ் ஏறினேன்.

துணியெல்லாம் வெளியே வெயிலில் கிடந்தது. உள்ளே சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும்தான். பெட்டிகளை அழகுக்காக மூலையில், தலைக்கு மேலே பலகையில் ஏற்றியிருந்திருக்கிறார்கள். அதே இடத்தில் வைத்துப் போட்டேன். ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி விழுந்தது.

"எனக்கும் ஒண்ணும் புரியலீங்கக்கா" என்று அவர் காதருகே கத்தினேன். பொய் சொல்லப் போன இடத்தில் வாயில் வந்தது உண்மை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

பெட்டிகளைக் கீழே இறக்கி, சுவரை விட்டுத் தள்ளி, அவர் உட்காரும் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் தேறியது. போதவில்லை.

"உடுங்க தம்பி. போனது போச்சு" என்றார் அக்கா.

அந்த நேரம் மேகம் இறங்கி வாசலை மூடியது. மழை வருகிறதென்று மூவரும் ஓடி, துணிகளை அள்ளிவந்து உள்கொடிகளில் வீசினோம். பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது கம்பளியைப் போட்ட அக்கா கொடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"ஏனுங்க, பாடறவன் இந்த எடத்துல மூச்சு வாங்கறானே?"

"கேக்குதா புள்ளே?" என்று அண்ணன் அலறினார்.

"கத்தாதீங்க. கேக்குது."

மழை வரவேயில்லை. அன்றிலிருந்து வெயில் நாளிலும் கம்பளிகள் உள்ளேதான். "வெயிலு இப்படிக் காயுது, இவ கம்பளிய உள்ள போட்டிருக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பேசினாளாம். "கம்பளிக்குக் குளிருதாமா" என்றாராம் அக்கா. குன்னூருக்கு வந்தபோது அண்ணன் சொன்னது இது: "இப்பெல்லாம் சோறு போடுன்னு மெதுவாத்தான் சொல்றேனுங்க."

பிறகு நானும் அந்தக் கடையை விட்டு எங்கெங்கோ போய்விட்டேன். பல வருஷம் கழித்துப் போனபோது அந்த லைனை இடித்துவிட்டிருந்தார்கள். வேலை முடிந்து இருவரும் மலையிறங்கிவிட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெயிலூரில் யார் கம்பளி வைத்திருக்கப்போகிறார்கள்? போன இடத்தில் அண்ணன் மறுபடியும் கத்த வேண்டி வந்ததோ என்னவோ.