பிசகாத சுரம்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாச் சமையற்காரர் என் அண்ணன். கிராமபோனில் ஒலிக்கும் ஜாஸ் இசையைச் சமையலறைச் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டே தகரக் குழலில் வாசிக்கப் பழகினார். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான், துரைசாணியிடம் ஆங்கிலத்தில் பெருமையடித்தேன்: "உங்கள் இசைத்தட்டில் உள்ளதை ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பார்."

அது பொய். இரண்டு அடிகளுக்குப் பிறகு அண்ணன் மெட்டைத் தன்போக்கில் வளைத்துக்கொண்டு போய்விடுவார்.

துரைசாணி சிரித்தார். துரை சிரிக்கவில்லை. அத்தனை துல்லியமாக வாசிக்க, தாங்கள் இல்லாத வேளையில் அண்ணன் கிராமபோனை இயக்கிக் கற்றிருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்கு அவரை அனுப்பிவிட்டார்.

"நான் போய் உண்மையச் சொல்றேண்ணே."

"வேணாம் தங்கச்சி. நீ ஒரு தடவ இங்கிலீசு பேசுனதே போதும்."

இசைத்தட்டை ஒத்திருப்பதே மேன்மை என்று எண்ணியிருந்தேன். அண்ணனுக்கே சொந்தமான பகுதியை மறைத்துவிட்டுத்தான் அவரைப் புகழ்ந்திருக்கிறேன்.