வயர் இல்லாத கைப்பிடி

மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில் ஒன்பது வருடம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். கண்டிக்குப் போய் மின்வேலை படித்துச் சான்றிதழோடு திரும்பியவன் என்பதால் ஸ்டோரில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சில இடங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் ஓர் அக்கா வேலை செய்தார். முன்பெல்லாம் அது ஆண்கள் வேலை. ஆண்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட பிறகு பெண்களைக் கூப்பிட்டார்கள். அக்காவின் கணவரும் அப்படிப் போனவர்தான். இரண்டு தீபாவளிக்கு வந்தார், பிறகு வரவில்லை. வீட்டில் அக்காவும் பதினேழு வயது மகளும் மட்டும்.

இறைச்சி அரைக்கிற மிஷினைப் பெரிதாக்கிப் படுக்கவைத்த மாதிரி இருக்கும் அந்த இயந்திரம். மேலே வாய், உள்ளே திருகு சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கா அதைப் பார்த்து வேலை செய்து நான் கண்டதில்லை. வாயில் வெற்றிலை, பக்கத்தில் நிற்பவளோடு பேச்சு, கை தன் பாட்டுக்குக் கொழுந்தைத் தள்ளும். கொழுந்து அடைத்துக்கொண்டால் சத்தம் மாறும். சத்தம் மாறியதும் வலது கை தானாக மேலே போய், தோளுக்குப் பக்கத்தில் இரும்புத் தூணில் இருந்த கைப்பிடியைக் கீழே இழுக்கும். மிஷின் நிற்கும். அடைப்பை எடுப்பார், கைப்பிடியை மேலே தள்ளுவார். பேச்சு நடுவில் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே, பதினோரு வருடம் இப்படி.

பிறகு புது மிஷின் வந்தது. கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். ஓடுவதற்கு, நிற்பதற்கு, பின்னோக்கிச் சுற்றுவதற்கு என்று மூன்று பட்டன்கள். மேலே எழுத்தெல்லாம் இங்கிலீஷில். அந்தப் பெட்டியை எதிர்ச் சுவரில், டீ மேக்கருடைய கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் பூட்டச் சொன்னார். டீ மேக்கர் என்பவர்தான் ஸ்டோருக்குப் பொறுப்பு. அவர் கதிரையில் இருந்தபடியே விளக்கு எரிவதைப் பார்க்கலாம் என்பது கணக்கு. மிஷினின் வாயிலிருந்து அந்தச் சுவர் ஐந்து எட்டு வைக்கும் தூரம், அதுவும் முதுகுப் பக்கம்.

"சேர், வேலை செய்ற ஆளுக்குக் கிட்ட இன்னொரு பட்டன் வச்சா நல்லது" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "பிளான்ல இல்ல. நீங்க வயர் வேலையைப் பாருங்க."

நான் வயர் வேலையைப் பார்த்தேன்.

பழைய மிஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தூண் கூரையைத் தாங்குவதால் அப்படியே நின்றது. அதிலிருந்த கைப்பிடியின் வயர்களை நான்தான் உருவி எடுத்தேன். கைப்பிடியையும் கழற்றப் பார்த்தேன். ஆணிகள் துருவேறி இறுகிப்போயிருந்தன, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாளை வரவேயில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான்கு பெண்களை நிறுத்திப் பட்டன்களைக் காட்டினோம். அரை மணி நேரம். எல்லோரும் தலையாட்டினார்கள், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா தன் பெயரை எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதினார்.

புது மிஷினிலும் கொழுந்து அடைத்தது. நிறுத்த ஐந்து எட்டு நடக்க வேண்டும், திரும்ப ஐந்து எட்டு. அதற்குள் ஓடும் ரப்பர் பட்டியில் வந்துகொண்டே இருக்கும் கொழுந்து குவிந்து தரையில் கொட்டும், டீ மேக்கர் ஜன்னலைத் தட்டுவார். அதனால் ஒரு வாரத்திலேயே மிஷின் ஓட ஓடக் கையாலேயே அடைப்பை எடுக்கப் பழகிவிட்டார்கள். டீ மேக்கர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

புது மிஷின் வந்து ஏழாவது வாரம் ஒரு நாள், மூன்று நாள் மழைக்குப் பிறகு ஈரக் கொழுந்து. முற்பகல் பத்து மணி இருக்கும். நான் மேல் மாடியில் விசிறி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கீழே அலறல். படியில் பாதி இறங்கும்போதே தெரிந்தது. அக்காவின் இடது கை மணிக்கட்டு வரை மிஷினுக்குள். வலது கை தூணிலிருந்த கைப்பிடியைக் கீழே இழுத்தது, மேலே தள்ளியது, மறுபடி இழுத்தது. கைப்பிடி லேசாக, அழகாக இறங்கியது. மிஷின் ஓடியது. அக்கா மாட்டிய கையைப் பார்க்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்தவள் பட்டன் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எதை அழுத்துவது என்று தெரியாமல் அவள் விரல் மூன்றுக்கும் நடுவில் அலைந்தது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்து நிறுத்தினேன். ஸ்டோர் முழுவதும் இருண்டு அமைதியானது. அதற்குப் பிறகுதான் அக்கா கத்துவதை நிறுத்தினார்.

தூள் ஏற்றும் லொறியில் வத்தேகம வழியாகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்னால் சாக்குகளின் மேல் படுக்கவைத்து, தலையை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அக்கா கண்ணைத் திறந்தார்.

"நான் நிப்பாட்டினேன் தம்பி. நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்க்கா."

"மூணு தடவ இழுத்தேன்."

மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். டீ மேக்கருடைய அறையில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். பட்டன்கள் வேலை செய்தனவா? செய்தன. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? கொடுத்தோம். இது அவளுடைய கையெழுத்தா? ஆமாம். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கைப்பிடியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவர்கள் போன பிறகு டீ மேக்கர் அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. நான் இன்னொரு பட்டன் வைப்பதைப் பற்றி மறுபடி கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம், நீர் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா இப்ப ஒண்டை மாத்தினால், முந்தி இருந்தது பிழை எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிடும். விட்டிடும்."

அக்கா லயத்துக்குத் திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். துண்டித்த கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கட்டிலில் இருந்தார். மகள் அடுப்படியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கைப்பிடி ஏன் தம்பி அன்னைக்கு வேலை செய்யல?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அது பழுதாகிவிட்டது என்று நினைத்திருந்தார்.

"அதுல வயரே இல்லக்கா. புது மிஷின் வந்தப்ப நான்தான் உருவிட்டேன்."

சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அட ஆமா. சுவத்துல பட்டன் இருக்குன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களே. நான்தான் மறந்துட்டேன்" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

அடுப்படியிலிருந்து மகள் கேட்டாள்: "வயர் இல்லன்னா அத ஏன் அங்க விட்டு வச்சீங்க?"

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் பூட்டியிருந்தபோது, காவல்காரரிடம் சாவி வாங்கி உள்ளே போய், அந்தக் கைப்பிடியிலிருந்து புது மிஷினுக்கு வயர் இழுத்தேன். இழுத்தால் நிற்கும்படி செய்தேன். அரை நாள் வேலைகூட இல்லை. அதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அனுமதியில்லாமல் இயந்திரத்தில் கை வைத்தேன் என்று. ஆனால் வயரை எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. பெண்கள் மறுநாளிலிருந்தே அதைத்தான் இழுத்தார்கள். பட்டன் பெட்டியின் மேல் தூசி படிந்தது.

அக்காவுக்குப் பிள்ளை மடுவத்தில் இலேசான வேலை கொடுத்தார்கள். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ஒரு கையால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. தூக்கினாலும் தாய்மார் பயந்தார்கள். இரண்டு மாதத்தில் அவரே நின்றுவிட்டார். மகளுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் வேலை கிடைத்ததும் இருவரும் போய்விட்டார்கள். நான் ஸ்டோரை விட்டுக் கண்டி டவுனுக்கு வந்து, ஆலைகளுக்கும் பேக்கரிகளுக்கும் சுவிட்ச் பெட்டி பூட்டும் வேலையை எடுத்துச் செய்தேன். பூட்டுவதற்கு முன் வேலை செய்கிறவர்களை ஒரு நாள் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாருடைய கை எந்தப் பக்கம் போகிறது, அவசரத்தில் எங்கே தேடுகிறது என்று. முதலாளிமார் எரிச்சல்படுவார்கள். காரணத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பல வருடம் கழித்து, நடந்ததையெல்லாம் எழுதி, கவனக்குறைவு என்ற சொல்லை நீக்கும்படி தோட்டத்துத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தப்பு அவருடையதில்லை என்று எழுதிக் கேட்டதையாவது அக்காவிடம் சொல்லலாம் என்று போன் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். மகள்தான் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"அம்மாகிட்ட இத சொல்லாதீங்க அண்ணே" என்றாள். "தப்பு தன்னுதுன்னு நெனச்சு அவங்க பழகிட்டாங்க. இப்ப போய் இல்லன்னு சொன்னா, இத்தன வருஷத்த அவங்க என்ன செய்வாங்க?"

சரி என்றேன். அவள் வைக்கட்டுமா என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்கு முன்னால் வைத்துவிட்டாள்.