கண்ணைத் திறந்து கேட்ட கச்சேரி

என் வீட்டுக்காரருக்குக் கச்சேரியில் முதலில் பாடுகிற வர்ணம்தான் பிடிக்கும். அதனால் நாங்கள் தாமதமாகப் போனதே கிடையாது. ஆறு மணிக்குக் கச்சேரி என்றால் ஐந்தரைக்கே மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம். எங்கள் வீடு இருக்கும் செம்பவாங்கில் ரயில் ஏறி, நடுவில் மாறி, மண்டபம் இருக்கும் சிராங்கூன் சாலைக்கு நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் "கிளம்பு, கிளம்பு" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார்.

"வர்ணத்துல அப்படி என்னங்க இருக்கு? படிக்கிற பிள்ளைங்கல்லாம் பாடுறதுதானே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பாடுறவருக்குத் தொண்டை இன்னும் சூடாகல. நமக்கும் காது சூடாகல. ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்புறோம் பாரு, அதான்" என்றார்.

காலையில் கப்பல் பட்டறையின் கேட் திறந்ததும் ஆட்கள் கூட்டமாக சைக்கிளில் உள்ளே போவார்கள். வர்ணம் கேட்டால் அவருக்கு அதுதான் நினைவுக்கு வருமாம். சம்பளம் வாங்கின காலம் முழுவதும் அங்கேதான் வேலை. கப்பல் வயிற்றில் துருத் தட்டுகிற வேலையில் ஆரம்பித்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார்.

எனக்குப் பிடித்தது வேறு. கச்சேரி பாதியில், ஆனந்தபைரவி ராகத்தில் மெதுவாக ஒரு பாட்டு வரும். ராகத்தின் பெயரெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மனிடம் வரம் கேட்கிற பாட்டு. கேட்கிறவள் கொஞ்சமும் அவசரப்படமாட்டாள். ஒரு வார்த்தையை எடுத்து, அதை அப்படி வைத்துப் பார்த்து, இப்படி வைத்துப் பார்த்து, கடைசியில்தான் அடுத்த வார்த்தைக்குப் போவாள். எனக்கும் யாரிடமும் எதையும் சட்டென்று கேட்க வராது. கடையில் சில்லறை குறைந்தால்கூட வெளியே வந்து நின்று யோசிக்கிற ஆள். அதனால் அந்தப் பாட்டில் எனக்கு ஒரு சொந்தம்.

எங்கள் வரிசையில் ஒரு பாய் உட்காருவார். மண்டபத்துக்குப் பக்கம் தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தவர், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். என் வீட்டுக்காரருக்கு அவரும் அவருக்கு இவரும் கச்சேரி சிநேகம். பாய்க்கு வயலின் மேல்தான் ஆசை. "பாடுறவர் ஒண்ணு சொல்றாரு. வயலின்காரர் நல்லா கேட்டுட்டு, ஆமாங்க, ஆனா இப்படியும் இருக்கேன்னு பதில் சொல்றாரு. என் கடையில இப்படிப் பதில் சொல்ற ஆளு ஒருத்தன்கூடக் கிடைக்கல லா" என்பார். இன்னும் சிலர் கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளுக்காகவே எட்டு மணிக்கு வருவார்கள். இடைவேளை வடைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். வடை நன்றாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமானது. முதலில் தொலைக்காட்சிச் சத்தம் கூடியது. பிறகு போன் மணி கேட்கவில்லை. மைனா கத்துவது கேட்கவில்லை. "இந்த புளோக்குல மைனாவெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். எங்கள் அடுக்குமாடி வீட்டு ஜன்னல் கம்பியில் இரண்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. நான் மகளுக்குப் போன் போட்டேன்.

மகள் காது பார்க்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். சோதனை செய்த பெண் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். ரொம்ப வருஷம் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு மெல்லிசான சத்தங்கள்தான் முதலில் போகுமாம், தடித்த சத்தங்கள் தங்குமாம். காதில் கருவி மாட்டினால் மற்றவர் பேசுவது தெளிவாகும். பாட்டுக்கு அது அவ்வளவு தோதுப்படாது, பழகிப் பார்க்க வேண்டும் என்றாளாம். கடைசியில் சொன்னதை நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கருவி மாட்டிக்கொண்டு போன முதல் கச்சேரி. தம்புரா ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்தார். வர்ணம் நாலு வரி போவதற்குள் கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"தகர டப்பாவுல ஆணியப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. மேடையில இருக்கிற பொண்ணு நல்லாத்தான் பாடும். எனக்குத்தான் டப்பா."

அதற்குப் பிறகு கச்சேரி என்ற பேச்சே இல்லை. வீட்டில் ரேடியோவையும் போடவில்லை. காலையில் கோப்பி கலக்கும்போது கூடவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நின்றுபோனது. கரண்டி குவளையில் படுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீ போயிட்டு வாயேன், பாய் இருப்பாருல்ல" என்பார். நான் எங்கே தனியாகப் போனேன்? காய்கறி, மீன் வாங்கும் ஈரச்சந்தை தவிர எல்லா இடத்துக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போனவள் நான். பாட்டு கேட்பதும் அப்படித்தான். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினால் அது நல்ல இடம் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலங்களில் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளமான வாய்டு டெக்கில் போய் உட்கார்ந்துவிட்டு, யார் என்ன பேசினாலும் "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு மேலே வருவார். இப்படியே இந்த மனுஷன் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

அப்போதுதான் பாய் போன் செய்தார். "எங்கம்மா அவரு? எனக்குப் பக்கத்து நாற்காலியில ஒரு ஆளு வந்து உட்கார்றாரு. முழுக் கச்சேரியும் போன் பார்க்குறாரு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து நல்ல வித்வான் வர்றாரு. கூட்டிட்டு வாங்க."

"அவருக்குக் காது..."

"எனக்கு முட்டி வலி. நான் வரலையா லா?"

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கேக்காத ஆளு போய் என்ன பண்றது?"

"எனக்குக் கேக்கணும்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். "கிளம்பு" என்று சொல்லவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

மண்டபத்தில் பாய் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார், மிருதங்கக்காரருக்கு நேராக. வேறு இடம் கிடைக்கவில்லையாம். வர்ணம் தொடங்கியது. என் வீட்டுக்காரர் சட்டைப்பைக்குள் இருந்த கருவியைத் தொடவே இல்லை. கோயில் வாசலில் துணைக்கு நிற்கிறவர் மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்த வர்ணம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பாட்டே காதில் ஏறவில்லை.

அடுத்த பாட்டு எடுத்தார்கள். நல்ல ஓட்டமான பாட்டு. எனக்கு என்ன தோன்றியதோ, முந்தானைக்கு அடியில் அவர் கையை இழுத்து என் மடியில் வைத்து, உள்ளங்கையில் தாளம் போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. அவர் அசையாமல் இருந்தார். கண் மட்டும் பாடகரின் தொடையில் இருந்தது. பாடகரும் தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் அல்லவா.

இரண்டு சுற்று போயிருக்கும். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து போடுற நீ?"

காது கேட்காதவர் ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். பின்னால் இருந்த அம்மாள் "உஷ்" என்றாள்.

நான் அவர் காதோரம் போய், "பாட்டு ஆரம்பிச்ச இடத்துலேர்ந்துதான்" என்றேன்.

"என்னது?"

"பாட்டு எடுத்த இடத்துலேர்ந்து!"

"அடி ஆத்தா. தாளம் விழுந்து அரை இடம் தள்ளித்தான் பாட்டு எடுக்கிறாரு. நீ வார்த்தைக்குத் தட்டுற. அங்க பாரு, அவரு கை கீழ வரும்போது உன் கை மேல நிக்குது."

"அங்கிள், கொஞ்சம் மெதுவா" என்று அவர் தோளைத் தொட்டுக் கையை அமர்த்திக் காட்டினாள் பின்னால் இருந்த அம்மாள்.

"மெதுவாத்தாம்மா சொல்றேன், இவளுக்கு ஏறலையே" என்றார். பாய் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் என் கை இப்போது அவர் கையில் இருந்தது. அவர் பாடகரின் கையைப் பார்த்துப் பார்த்து என் உள்ளங்கையில் தட்டினார். தட்டு விழும், ஒரு சின்ன மூச்சு, அப்புறம் பாட்டு. தட்டு, மூச்சு, பாட்டு. அந்த மூச்சு அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட பாட்டு அன்றைக்குத்தான் நேராக நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஊஞ்சல் போய் நிற்கிற இடத்தில் ஏறாமல், வருகிற இடத்தில் ஏறின மாதிரி.

கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஆடியது. சரியான இடத்தில் ஆடியது. எப்படி என்று பிறகுதான் சொன்னார். மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடது பக்கம் 'தொம்' என்று விழுவது அவருக்குக் கேட்டிருக்கிறது. தடித்த சத்தம் அல்லவா, தங்கிப்போன சத்தம் அது. கேட்காத பாட்டை ஞாபகத்திலிருந்து எடுத்து, அந்தத் தொம்மின் மேல் உட்கார வைத்து, பாடகரின் வாயசைவைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாராம். தெரிந்த பாட்டானால் பிழைத்தேன் என்றார்.

தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற நேரம். வழக்கம்போல மண்டபம் பாதி எழுந்து கழிப்பறைக்கும் கோப்பிக்கும் போனது. பாயும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப்போனவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பாட்டு இல்லாத அந்த நேரம்தான் அவருக்கு முழுசாகக் கேட்டது. மிருதங்கக்காரர் சின்ன வயசுக்காரர். ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்துப் பழகியவர் போல. முன்வரிசையில் ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தன்னையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அப்புறம் இவரைப் பார்த்துத்தான் வாசித்தார். முடிந்ததும் இவர் கை தட்டின சத்தத்தில் பாய் திடுக்கிட்டார்.

வழக்கமாகப் பாதியில் வரும் என் ஆனந்தபைரவி அன்றைக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. மெதுவான பாட்டு, மிருதங்கம் தொட்டும் தொடாமலும்தான் போகும். அவருக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. ஒரு தடவை என்னைப் பார்த்தார். "உன் பாட்டுதானே?" என்று உதட்டை அசைத்தார். தலையாட்டினேன். அவர் மேடையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிகிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் எழுந்து போகவும் முடியாது, இது என் பாட்டு.

ரயிலில் இடம் கிடைத்தது. கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"உன் பாட்டு எப்படிப் பாடினாரு? நடுவுல உன் கண்ணு கலங்குச்சு. எந்த இடம் அது?"

நான் பாட்டைப் பற்றி யாரிடமும் பேசினதில்லை. அவர் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன். இப்போது எதைச் சொல்வது? சுற்றிலும் ஆட்கள். எதிரில் ஒரு சீனப் பெண் கைப்பையில் பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த இடத்துல கீழ இறங்கினாருங்க" என்றேன். "இறங்கி, நின்னுட்டாரு. மேல ஏறுவாருன்னு பார்த்தேன். ஏறல. வயலின்தான் போய்க் கூட்டிட்டு வந்துச்சு."

"கேக்கல. சத்தமா."

ரயில் இரைச்சலுக்கு மேலே சத்தமாகச் சொன்னேன். வார்த்தை போதவில்லை. கையால் காட்டினேன். அதுவும் போதவில்லை என்றதும், அவர் காதருகே குனிந்து அந்த ஒரு வரியைப் பாடியே காட்டினேன். என் குரல் நல்ல குரல் இல்லை. பூனைக்குட்டி பைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. அவர் கண்ணை மூடவில்லை.

"பாய் சொல்ற மாதிரி பதில் சொல்லியிருக்கு வயலின்" என்றார். "அப்புறம்?"

செம்பவாங் வரை சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது தொண்டை கட்டியிருந்தது.

இப்போது மாதத்துக்கு ஒரு கச்சேரியாவது போகிறோம். மிருதங்கத்துக்கு நேராக உட்காருகிறோம். பாய் முட்டிவலியோடு போய் இடம் பிடித்து வைக்கிறார். ஓட்டமான பாட்டுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் என் கையில் தாளம் போடுகிறார். மெதுவான பாட்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டுமே என்று முன்னைவிடக் கவனமாகக் கேட்கிறேன். போன வாரம் ஒரு ராகத்தை விவரமாகச் சொல்லத் தெரியாமல் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிட்டேன். "இதுக்கா உன்னை அனுப்பினேன்?" என்று வாய்டு டெக்கில் எல்லோர் முன்னாலும் கேட்டார். கச்சேரியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் கேட்டது ஏதோ நான் தனியாகப் போய்வந்த மாதிரி. பதிலுக்கு நானும் எல்லோர் முன்னாலும்தான் பாடிக் காட்டினேன்.