இத்தாலிப் பெட்டியும் என் மனுசனும்

என் மனுசனுக்குப் போட்டி என்று யாரும் இருந்ததில்லை. ஊரில் இருந்த ஒரேயொரு பிடில்காரருக்குப் போட்டி எங்கிருந்து வரும்? நிலாவெளியிலிருந்து மூதூர் வரை எந்தக் கலியாணம், எந்தத் திருவிழா என்றாலும் பிடில் என்றால் கனகசுந்தரம்தான். பகலில் துறைமுகத்தில் கிளாக்கர். கப்பலால் இறங்கும் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவார். மற்ற நேரம் சிவகுருநாதன் அண்ணரின் இன்னிசைக் குழுவில் முன்வரிசைக் கதிரையில் இருந்து வாசிப்பார். அந்தக் கதிரை அவருக்கு எங்கள் வீட்டைவிடப் பெரிது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பிடிலை அவர் ஒரு பாட்டு வாத்தியாரிடம் படித்தவர். வாத்தியாருக்குப் பிடிலைக் கையில் பிடிக்கவே தெரியாது. அவர் பாடுவார், இவர் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பார். அப்படிப் படித்ததால் இவருக்கு வாய்த்த காது லேசான காது இல்லை. நான் குசினியில் தேங்காய் திருவுகிற சத்தத்துக்கும் சுருதி சொல்லுவார். சொல்லிவிட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இந்த மனுசனுக்குப் பொறாமை பிடித்தது எண்பத்து நாலாம் ஆண்டில். அதுவும் ஒரு ஆளின் மேல் இல்லை, ஒரு பெட்டியின் மேல்.

சிவகுருநாதன் அண்ணரின் மைத்துனர் கப்பலில் வேலை செய்தவர். இத்தாலியில் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழு புதிது வாங்கிக்கொண்டு தள்ளிவிட்ட பெட்டியைக் கொண்டுவந்து அண்ணரிடம் கொடுத்தார். பார்வைக்கு ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள், ஆனால் துருத்தி கிடையாது, கரண்டில் வேலை செய்யும். கட்டைகளுக்கு மேலே வயலின், வியோலா என்று எழுதிய குமிழ்கள். ஒரு மூலையில் தனியாக ஒரு பொத்தான்.

பெட்டியை வாசிக்கும் பொறுப்பு அபூதாஹிருக்கு வந்தது. கிண்ணியாக்காரர், தங்கமான பிள்ளை. கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார், குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். முதல் ஒத்திகை அண்ணரின் புடவைக்கடை மேல்மாடியில் நடந்தது. நான் கீழே சேலை பார்க்கப் போனவள், சத்தம் கேட்டு மேலே ஏறினேன். அபூதாஹிர் ஒரு கட்டையை அழுத்தினார். காதுக்குள் நுளம்பு ஙொய் என்று பறந்தமாதிரி ஒரு சத்தம். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவர் என் மனுசன்.

பிறகு அபூதாஹிர் அந்த மூலைப் பொத்தானை அமத்தினார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு பிடில் இல்லை, ஒரு கூட்டம் பிடில். எல்லாரும் ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ஒருவர் மயிரிழை மேலே, ஒருவர் மயிரிழை கீழே, ஒருவர் கொஞ்சம் பிந்தி. மொத்தச் சத்தமும் காற்றடிக்கிற வயல் மாதிரி மெல்ல அசைந்தது. "ஒரு சத்தத்தை உள்ளுக்க மூண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்டையும் தன்பாட்டில ஆட விடுது, அக்கா" என்று அபூதாஹிர் எனக்கு விளக்கினார்.

"என்ன வடிவு!" என்றேன் நான், எல்லாரும் கேட்க. சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

வீடு வரும்வரை அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சாப்பிடும்போது கேட்டார்: "அது என்னைவிட வடிவோ?"

"அது வேற, நீங்கள் வேறயப்பா."

இதைவிட மோசமான பதில் உலகத்தில் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார்.

அது சண்டைக் காலம். ஊரடங்குச் சட்டத்துக்குப் பயந்து கலியாணங்களைப் பகலிலேயே அவசர அவசரமாக முடித்தார்கள். குழுவின் வான் வண்டியில் போகும் ஒவ்வொருவரும் சோதனைச் சாவடியில் இறங்கிப் பெயர் சொல்ல வேண்டும். ஆள் கூடினால் கரைச்சலும் கூடும். "பெட்டியை நெடுக்க வைச்சா ரெண்டு பேரின்ர இடம் போகுது. ஆரையாவது குறைக்கத்தான் வேணும்" என்று சிவகுருநாதன் அண்ணர் பொதுவாகச் சொன்னார். பெட்டிக்குள்ளேயே ஒரு கூட்டம் பிடில் இருக்கும்போது யாரைக் குறைப்பார் என்று தெரிய எனக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. என் மனுசனுக்கும் தெரிந்திருந்தது. துறைமுகத்தில் மூட்டைக் கணக்கைப் பிழையாக எழுதிப் பேச்சு வாங்கினார்.

கிண்ணியாவில் ஒரு பாடசாலை விழாவுக்குக் குழு போனது. வானைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றித் தண்ணீரைக் கடந்தோம்; நானும் கூடப் போனேன். அன்றைக்கு அபூதாஹிர் பொத்தானை அமத்தி நீளமாகச் சுரத்தைப் பிடிக்க, என் மனுசன் அதன்மேல் மெல்ல வாசித்தார். வழமையாக வில்லால் மேடையையே அறுத்துவிடுவதுபோல வாசிப்பவர், அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பெட்டியின் பக்கம் சாய்த்துக்கொண்டு வாசித்தார். அப்படி ஒரு வாசிப்பை நான் அவரிடம் கேட்டதே இல்லை. கோபத்தில் அடக்கி வாசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். விழா முடிந்ததும் பிள்ளைகள், ஆசிரியர்கள், அதிபர் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பிடிலைத் திரும்பிப் பார்க்க ஒரு காக்காய் குருவிகூட இல்லை. என் மனுசன் தன்பாட்டில் பிடிலைத் துடைத்து உறைக்குள் வைத்தார்.

அடுத்த ஒத்திகைக்குச் சுருதிப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்.

"சிவகுரு அண்ணை, இதைக் கேளுங்கோ. அபூதாஹிர், சட்ஜத்தை மட்டும் பிடியும்."

பொத்தானை அமத்திய பெட்டியும் சுருதிப்பெட்டியும் சேர்ந்து ஒலித்தன.

"கேட்டியளோ? ஒரு இடத்தில நிக்குதில்லை. ஆடுது. இது சுருதியோ? சங்கீதம் தெரிஞ்ச ஒருத்தன் சபையில இருந்தா என்ன சொல்லுவான்?"

அபூதாஹிர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணன், அந்த ஆட்டம்தானே அதின்ர அழகு."

"ஆடுற தூணில வீடு கட்டுவீரோ?"

சிவகுருநாதன் அண்ணருக்குச் சங்கீதம் அரைகுறை. ஆனால் அரைகுறை என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் முழுசாக இருந்தது. கனகசுந்தரத்தின் காதை மீறிப் பேச ஊரில் யாரால் ஏலும்? "அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது" என்று கட்டளை போட்டார். கட்டளை போதாது, கை மறந்து அமத்திவிடும், அதைக் கழற்றியே விடவேண்டும் என்றார் என் மனுசன்.

கழற்றியது எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில். தன் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. அபூதாஹிர் பெட்டியைத் திறந்து, மரவட்டை மாதிரிக் கால்கள் உள்ள சாமான்கள் பதித்த ஒரு சின்னப் பலகையை எடுத்து, பேப்பரில் சுற்றினார். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. "கடையில கவனமா வைச்சிருக்கிறன், அக்கா" என்றார், யாரோ கேட்டமாதிரி. அன்றிரவு என் மனுசன் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உப்புவெளியில் நடந்த அடுத்த கலியாணத்தில் பெட்டி நுளம்பாகத்தான் முனகியது. சனம் பழையபடி பிடில் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி வந்து கையைக் குலுக்கினார். இனி அந்தக் கதிரையை அசைக்க ஒருவராலும் ஏலாது. வெற்றி! ஆனால் ஒரு பாட்டின் நடுவில், சுரம் நீண்டு நிற்கவேண்டிய இடத்தில், என் மனுசன் வில்லை இழுத்தபடியே தலையைப் பெட்டிப் பக்கம் சாய்த்ததை நான் பார்த்தேன். எதையோ எதிர்பார்த்த தலை. அங்கே ஒன்றும் வரவில்லை. அடுத்த வரியை அவர் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிடிலை மூலையில் வைத்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"கமலா, நான் என்ர சீவியத்தில இன்னொரு பிடிலோட சேர்ந்து வாசிச்சதே இல்லை. அண்டைக்குக் கிண்ணியாவிலதான் முதல்முதல் பக்கத்தில ஆக்கள் இருந்த மாதிரிக் கிடந்துது."

"அப்ப ஏனப்பா கழட்டச் சொன்னனீங்கள்?"

"எரிச்சல்" என்றார். ஒரு சொல்தான். அந்த நேர்மைக்காக அவரை நான் ஏசாமல் விட்டேன்.

பலகையைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பதற்கு அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நாளைக்குக் கேட்கிறேன், பிறகு கேட்கிறேன் என்று மாதக்கணக்காய் இழுத்தார். அதற்குள் ஊரில் குழப்பம் வெடித்துக் கடைத்தெரு எரிந்தது. அபூதாஹிரின் கடையில் மிஞ்சியது தகரமும் சாம்பலும்தான். அவர் உயிர் தப்பியதே பெரிய காரியம். அந்தச் சாம்பலுக்குள் நின்றவரிடம் போய் இவர் பலகையைக் கேட்டார். அபூதாஹிர் கோபிக்கவில்லை. "அண்ணன், அந்தச் சாமான் கொழும்பிலயும் எடுக்கேலாது" என்றார். நுளம்பு மட்டும் பாடிய பெட்டியைச் சிவகுருநாதன் அண்ணர் கொஞ்சக் காலத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் என் மனுசனுக்கு இந்தப் பைத்தியம் தொடங்கியது. பஞ்சமக் கம்பியில் விரல் வைத்து ஒரு சட்ஜம், பக்கத்துக் கம்பியில் விரல் படாத வெறும் சட்ஜம். இரண்டையும் ஒரே வில்லில் இழுப்பார். இழுத்துக்கொண்டே விரலை மயிரிழை கீழே நகர்த்துவார், மேலே நகர்த்துவார். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசி ஆடும். வீட்டில் செய்தால் நான் மட்டும் பொறுத்துக்கொள்வேன். அவர் மேடையிலும் செய்தார். சுரம் நீளுகிற இடமெல்லாம் செய்தார். சனம் ஒருவரையொருவர் பார்த்தது.

சிவகுருநாதன் அண்ணர் வீட்டுக்கே வந்தார். கதிரை நுனியில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துப் பேசினார்.

"கனகசுந்தரம், குறை நினைக்கவேண்டாம். உமக்குக் காது முந்தின மாதிரி இல்லைப்போல. சபையில சுருதி விலகுது. கொஞ்சக் காலம் ஓய்வெடும்."

எனக்கு இரத்தம் கொதித்தது. இந்தக் காதையா? நான் வாயைத் திறக்க, என் மனுசன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "ஓம் அண்ணை, நீங்கள் சொல்றது சரி" என்றார் அவர். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் வான் எங்கள் வாசல் படலையில் நிற்காமல் போனது. நான் பார்த்துவிட்டு ஓடிவந்து அறை வாசலில் நின்று கத்தினேன்.

"வான் போகுது, பாத்தனீங்களோ? உங்கட இடத்தில ஆர்மோனியத்தை வைச்சிருக்கினம்! உங்களுக்கு எரியேல்லையோ?"

அவர் வில்லை நிறுத்தவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"சத்தம் போடாத, கமலா. இப்பதான் ரெண்டு பேரும் சேர்ந்து வாறம்."

இரண்டு பேராம். அறைக்குள் அவர் மட்டும்தான் இருந்தார். வாசலில் நின்ற என்னை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்த முகத்தில் இருந்த மலர்ச்சி, கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருநாளும் என்னைப் பார்த்து வந்ததில்லை. இல்லாத அந்த இரண்டாவது பிடில்காரன் மேல் எனக்கு வயிறு பற்றி எரிந்தது.